நிரந்தர விலாசம்

இலங்கையில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று நிரந்தர விலாசம். மற்றது தற்காலிக விலாசம். எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு இந்த இரண்டு கட்டமும் லேசானவை இல்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டவர்கள். சாவகச்சேரி, கிளிநொச்சி, திரும்பவும் யாழ்ப்பாணம் என்று தற்காலிக விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் மற்றக் கட்டத்தில், அந்த வீட்டுக்குப் போகவே ஏலாத காலத்திலும், அதே ஒழுங்கையின் பெயரைத்தான் எழுதினவை. வீட்டில ஆட்கள் இல்லாவிட்டாலும் விலாசத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

பிறகு வந்த படிவங்களில் மின்னஞ்சல் என்று மூன்றாவது கட்டம் சேர்ந்தது. அது நிரந்தரமா தற்காலிகமா என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் அது என்று போன வருசம் வீட்டு இன்ரநெற்றை மாற்றினபோது விளங்கியது. இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்பது அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகள். ஒராள் கம்பஸ், மற்றாள் வேலை.

எங்கட வீட்டுக்கு 2010 இல் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு வந்தது. தொலைபேசிக்கு வந்த அதே செப்புக் கம்பியில்தான் இன்ரநெற்றும் வரும். கம்பி நீளக் கூடக் கூட வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சில் இருந்து எங்கட வீடு தூரம். மாரி தொடங்கினால் எங்கேயோ ஒரு மூட்டுக்குள்ள தண்ணி போய் போன் கரகரக்கும், ரவுட்டரில் ஒரு லைற் அணைந்துபோகும். கொரோனாக் காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சூம் வகுப்பு. ஒராள் வீடியோவை நிப்பாட்டினால்தான் மற்றாளுக்குக் குரல் வரும். போன வருசம் வேறொரு கம்பனி எங்கட ஒழுங்கைக்கு பைபர் இழுத்தது. பக்கத்து வீட்டார் எடுத்தவை. நாங்களும் எடுப்பம் என்று முடிவெடுக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பழைய கம்பனியின் கவுண்டரில்தான் விசயம் தொடங்கியது. ஏ.டி.எஸ்.எல். தந்தபோது கம்பனி ஒரு ஈமெயில் விலாசமும் சேர்த்துத் தந்தது. இடப்பக்கம் அப்பாவின் பெயர், வலப்பக்கம் கம்பனியின் பெயர். இன்ரநெற் பூட்ட வந்த தம்பி அதைக் கணினியில் போட்டுக் காட்டி, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திட்டுப் போனவர். அந்தத் துண்டு இன்றைக்கும் அப்பாவின் டயறிக்குள்ள இருக்கிறது. 15 வருசமாக வீட்டில நாலு பேருக்கும் எல்லாத்துக்கும் அந்த விலாசம்தான்.

"இணைப்பை வெட்டினால் ஈமெயிலும் 30 நாளில போயிடும்" என்றா கவுண்டரில் இருந்த அக்கா.

"வாற மெயிலை வேற விலாசத்துக்குத் திருப்பி விட ஏலாதோ?"

"அப்பிடி வசதி இல்லை ஐயா."

ஜிமெயில் அப்போதே இருந்ததுதான். 2004 ஏப்ரல் 1 இல் தொடங்கியது, 2007 இல் அழைப்பு இல்லாமலே யாரும் எடுக்கக்கூடியதாக வந்துவிட்டது. அப்பா எடுக்கவில்லை. அவருடைய நியாயம் இது: "உது ஓசியாத் தாறது. ஓசியாத் தாறதை எப்ப நிப்பாட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? இது நாங்கள் காசு கட்டி எடுத்தது." கடைசியில் ஓசியாகத் தந்தது அப்படியே இருக்கிறது, காசு கட்டினதுதான் போகிறது. நியாயம் பிழை என்று சொல்லவும் ஏலாது. காசு கட்டுமட்டும் இருந்தது. காசு கட்டுகிறதை நிப்பாட்டினோம், நின்றுவிட்டது.

ஈமெயில் விலாசம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். 1971 இல் ரே ரொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், ஒரு கணினியில் இருக்கிற ஆளுக்கு இன்னொரு கணினியிலிருந்து செய்தி அனுப்பப் பார்த்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. விசைப்பலகையில் பெயர்களுக்குள் வராத @ குறியை எடுத்தார். இன்றைக்கும் கணக்கு அதுதான். வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் அந்த வீட்டின் ஓர் அறை. அனுப்புகிற கணினி முதலில் வலப்பக்கத்துப் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கு வருகிற அஞ்சலை எந்தக் கணினி பொறுப்பெடுக்கும் என்று விசாரிக்கும். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தபிறகு, இடப்பக்கத்து ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று சொல்கிறது அந்த வீட்டுக்காரரின் வேலை. இல்லை என்றால் 550 என்ற இலக்கத்தோடு ஒரு மறுமொழி திரும்பும். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். அப்பா உயிரோடு முற்றத்தில் நிற்பார். ஆனால் கடிதம் அனுப்பினவருக்கு அப்படி ஓர் ஆள் இல்லை என்ற பதில்தான் போகும்.

இதே நாட்டில் போன் இலக்கத்தின் கதை வேறு. 072 இல் தொடங்குகிற இலக்கம் வைத்திருக்கிறவர்கள் உங்கட வீட்டிலும் இருப்பினம். அந்த இலக்கம் செல்ரெல் கம்பனியுடையதாகத் தொடங்கியது. 2007 இல் கம்பனியின் பெயர் ரிகோ ஆனது. 2010 இல் எரிசலாட். 2018 இல் ஹச்சோடு சேர்ந்தது. நாலு பெயர் மாறியும் இலக்கம் மாறவில்லை. காரணம், அந்த இலக்கத்துக்குள் கம்பனியின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. ஈமெயிலில் எழுதப்பட்டிருக்கிறது. வாடகை வீட்டுக்காரரின் பெயரை எங்கட பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி.

முந்தி இடம்பெயர்ந்த நேரம் தபால்காரர் தெரிந்த ஆள் என்றால் கடிதத்தைப் புது இடத்துக்கே கொண்டுவந்து தருவாராம். அம்மா சொல்லுவா, ஒரு கடிதம் மூன்று விலாசம் வெட்டப்பட்டு நாலாவது விலாசத்துக்கு வந்து சேர்ந்தது என்று. ஈமெயிலுக்கு அப்படி ஊர் தெரிந்த தபால்காரர் கிடையாது. வீட்டுக்காரர் திருப்பி விடச் சம்மதித்தால் ஒழிய ஒன்றும் நடக்காது.

ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை, பழைய இணைப்பை உடனே வெட்டாமல் விட்டது. பைபர் வந்தபிறகும் இரண்டு மாசம் இரண்டு பில்லும் கட்டினோம். அப்பாவுக்கு அது பெரிய செலவாகத் தெரிந்தது. ஆனால் கனக்க இடத்தில் விலாசத்தை மாற்றப்போனால் உறுதிப்படுத்துகிற இணைப்பு முதலில் பழைய விலாசத்துக்குத்தான் வரும். பழைய பெட்டி செத்தபிறகு மாற்றப்போனால், வீட்டைப் பூட்டித் திறப்பை உள்ளுக்கு விட்ட கதைதான்.

இரண்டாவது வேலை ஒரு சீ.ஆர். கொப்பி. எந்தெந்த இடத்தில் அந்த விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைவில் இருந்து எழுதினால் 12 வந்தது. பிறகு பழைய பெட்டிக்குள் 'வெல்கம்', 'வெரிஃபை', 'பாஸ்வேர்ட்', 'ரிசீற்', 'இன்வொய்ஸ்' என்ற சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினோம். பிரவுசர் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களின் பட்டியலைப் பார்த்தோம். நாலு பேரின் போனிலும் இருந்த செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து 'புரொஃபைல்' பக்கத்துக்குப் போனோம். முடிவில் 43. அப்பா 2011 இல் ஏதோ கிரிக்கெற் பார்க்கத் திறந்த கணக்குக்கூட இருந்தது.

43 ஐயும் ஒரே வரிசையில் செய்யக்கூடாது என்பது கொப்பியைப் பார்த்தவுடன் தெரிந்தது. சில கணக்குகள் மற்றக் கணக்குகளின் திறப்பு. கடவுச்சொல் மறந்தால் புதுக் கடவுச்சொல் எங்கே வரும் என்று கேட்டுப் பார்த்தால் வரிசை தானாக வரும். முதலில் புது ஈமெயில், அதுக்கு ஒரு பலமான கடவுச்சொல், இரண்டாம் படிச் சரிபார்ப்பு, மீட்புக்கு ஒரு போன் இலக்கம். இரண்டாவது, போனையே திறக்கிற கணக்குகள். மூன்றாவது வங்கி. பிறகு முகநூல், வட்ஸ்அப்பின் மீட்பு ஈமெயில், கரண்ட் பில், தண்ணி பில், கம்பஸ், வேலை. கடைசியில்தான் கிரிக்கெற்.

சில இடத்தில் ஒரு நிமிச வேலை. சில இடத்தில் ஒரு நாள் போகும். ஓர் இடத்தில் ஈமெயிலே பயனர்பெயர், அதை மாற்றவே ஏலாது, புதுக் கணக்குத்தான் திறக்கவேணும் என்றார்கள். இன்னோர் இடத்தில் புது விலாசத்தைப் போட்டால் இது ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது என்று வந்தது. ஒரு வங்கி, ஒன்லைனில் எதையும் மாற்றலாம் ஈமெயிலை மட்டும் மாற்ற ஏலாது, கிளைக்கு வாங்கோ என்றது. போனால் அப்பாவின் கையெழுத்து 12 வருசத்துக்கு முந்தின கையெழுத்தோடு பொருந்தவில்லை. அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. ஈமெயில் மாற்றப்போன மனிசன் முதலில் கையெழுத்தை மாற்றவேண்டி வந்தது. அந்தக் கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமைசாலி. ஆறு தரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஏழாவது தரம் படிவத்தில் வாங்கினா.

இந்த இரண்டு மாசத்தில் நாங்கள் பார்த்துச் சிரித்ததும் யோசித்ததும் பெயர்களைப் பற்றித்தான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் வரும். ஆனால் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், இரண்டும் கட்டாயம். ஆகவே ஓர் இடத்தில் அப்பா அவருடைய பெயரிலேயே இருக்கிறார். இன்னோர் இடத்தில் தாத்தாவின் பெயரில் இருக்கிறார். அங்கேயிருந்து வருகிற ஈமெயில் ஒவ்வொன்றும் 1987 இல் செத்துப்போன தாத்தாவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டுதான் தொடங்கும். ஆங்கிலத்தில் பெயரை எழுதினதில் ஓர் இடத்தில் 'எச்' இருக்கிறது, ஓர் இடத்தில் இல்லை. அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி எல்லா இடத்திலும் ஒரே எழுத்தாக்கினோம். ஈமெயில் மாற்ற வெளிக்கிட்டதில் கிடைத்த இலாபம் இது.

பழைய பெட்டிக்குள் இருந்த கடிதங்கள் இன்னொரு பிரச்சினை. கணக்குகளுக்குப் புது விலாசம் கொடுக்கலாம், ஆனால் 15 வருசக் கடிதங்கள் தாங்களாக எழும்பி வராது. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, ஐமப் முறையில் பெட்டியை இணைத்து, எல்லாக் கடிதத்தையும் கணினிக்குள் பிரதி எடுத்தோம். இங்கே ஒன்றைக் கவனிக்கவேணும். ஐமப்பில் கணினியும் கம்பனியின் பெட்டியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். ஆகவே கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்குள் பிரதி செய்தால்தான் அவை எங்கட கணினியில் நிற்கும். பழைய லைனில் இரண்டு இரவு ஓடியது. பிறகு அதை ஒரு பென் ட்ரைவிலும் போட்டோம்.

அதுக்குள்ள பெரியப்பாவின் கடிதங்கள் இருந்தன. கனடாவில் இருந்து எழுதுவார். 2016 இல் காலமாகிவிட்டார். முதல் வருசக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை மாதிரித்தான் தெரியும். ஒன்லைனில் இருக்கிற எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாக எழும்பும். ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தோம். பனி பெய்கிறதைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி, வளவில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருசம் காய்த்ததா என்று. மரத்தைப் பற்றி மட்டும் ஒவ்வொரு வருசமும் கேட்டிருக்கிறார். அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, வாசிக்க வாசிக்கக் கேட்டார். இடையில் ஒருக்கா எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தார்.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொப்பி முடியிற கட்டத்தில் வந்து கேட்டா, "மாமான்ர அலுவல் எழுதினீங்களோ?"

எழுதவில்லை. எங்களுக்கு அது கணக்கு என்று தோன்றியிருக்கவில்லை.

அம்மாவின் தம்பியைப் பற்றி 2008 இற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்தபிறகு கேட்டவர்கள் எல்லாருக்கும் அம்மா எழுதிக் கொடுத்தவ. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013 இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் உருவானது, 2018 இல் அதுக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள், 2019 இல் யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா மாமாவின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்ட உடுப்பு என்று எழுதி, அடியில் தொடர்புகொள்ள என்று வீட்டு விலாசத்தையும் வீட்டு போன் இலக்கத்தையும் அந்த ஈமெயிலையும் எழுதினவ. அம்மாவுக்கு ஈமெயில் பார்க்கத் தெரியாது. அப்பாதான் பார்த்துச் சொல்லுவார். "ஏதும் வந்ததோ?" என்று அம்மா கேட்டால் எதைப் பற்றிக் கேட்கிறா என்று அப்பாவுக்குத் தெரியும்.

43 இடத்திலும் 'செற்றிங்ஸ்' என்று ஒரு பக்கம் இருந்தது. இதுக்கு இல்லை. கோப்பு எந்த அலுமாரியில், எந்த அறையில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எங்களைப் பற்றி ஒருவர் வைத்திருக்கிற தரவு பிழையாக இருந்தால் திருத்தக் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது என்று சொல்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருகிறது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சட்டத்தைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னோம். அம்மா, "தாளும் பேனையும் தாங்கோ" என்றா.

அம்மா கையாலேயே எழுதினா. மாமாவின் முழுப்பெயர், முந்திக் கிடைத்த பதிவிலக்கங்கள், பிறகு ஒரே ஒரு வரி: எமது மின்னஞ்சல் விலாசம் மாறியுள்ளது, வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் மாறவில்லை. நாலு பிரதி. நாலையும் பதிவுத்தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டுகளைக் கொப்பியில் ஒட்டினோம்.

தொலைபேசி இலக்கம் மாறவில்லை என்று அம்மா எழுதின பிறகுதான், அடுத்த விசயம் எங்களுக்கு உறைத்தது. பழைய கம்பனியில் இன்ரநெற்றோடு சேர்த்து லான்ட் லைனையும் வெட்டுகிறதாகத்தான் இருந்தோம். வீட்டில அதில் கதைக்கிற ஆட்களே இல்லை. நாலு பேரிட்டையும் கைபேசி இருக்கிறது.

"அந்த லைன் 2003 இல வந்தது. அப்ப அவன் இஞ்சதான் நிண்டவன்" என்றா அம்மா. "ஈமெயில் அவனுக்குத் தெரியாது. உது கந்தோருகளுக்குத்தானே குடுத்தது. நம்பர் அவனுக்குப் பாடம்."

அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் கவுண்டருக்குப் போய், இன்ரநெற்றை மட்டும் வெட்டுங்கோ, போன் லைன் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த அக்கா, மாச வாடகை கட்டவேணும், பாவிக்காத லைனுக்கு ஏன் ஐயா என்று கேட்டா. நல்லெண்ணத்தில்தான் கேட்டா. அப்பா, "இருக்கட்டும் பிள்ளை" என்றார்.

புது விலாசத்தை எங்கே எடுக்கிறது என்பதும் வீட்டில் ஒரு கிழமை நடந்த கதை. ஜிமெயில் எடுத்தால் அது மட்டும் என்ன உறுதிக்காணியா? யாகூ 2013 இல், ஒரு வருசமாகப் பாவிக்காத பயனர்பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று அறிவித்தது. கூகுள் 2023 இல், இரண்டு வருசம் திறக்காத கணக்குகளை அழிப்போம் என்று அறிவித்து, அந்த வருச டிசம்பரில் இருந்து அழிக்கத் தொடங்கியது. அமெரிக்காவிலும் 2017 இல் வெரைசன் என்ற பெரிய இன்ரநெற் கம்பனி ஈமெயில் சேவையை விட்டபோது, ஆட்கள் தங்கட பழைய விலாசத்தைக் காப்பாற்ற ஏ.ஓ.எல்.லுக்கு மாறவேண்டியிருந்தது. எங்கட கவுண்டர்க் கதை எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை.

மற்ற வழி சொந்தமாக ஒரு டொமைன் வாங்குகிறது. அப்போது @ குறிக்கு வலப்பக்கமும் எங்கட பெயர்தான். கம்பனி மாறினாலும், அஞ்சலைப் பொறுப்பெடுக்கிற கணினி எது என்ற பதிவை மாற்றினால் போதும், விலாசம் அப்படியே இருக்கும். .எல்கே உள்ள நாடு இது. 2010 இல் .இலங்கை என்று தமிழிலேயே டொமைன் முடிவும் கிடைத்தது. 2012 இல் தமிழ் எழுத்திலேயே ஈமெயில் விலாசம் வைக்கிறதுக்கான தொழில்நுட்ப நியமங்களும் வந்துவிட்டன. ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த ஒருத்தரும் தமிழ் எழுத்தில் ஈமெயில் வைத்திருக்கவில்லை. டொமைன் ஒரு தரம் வாங்கினால் முடிகிற விசயமும் இல்லை, வருசா வருசம் காசு கட்டவேணும். உறுதி இல்லை, குத்தகைதான். ஒரு வருசம் மறந்தால் வேறு ஒருத்தர் எடுக்கலாம், எடுத்தவருக்கு எங்கட கடிதமெல்லாம் போகும். நாங்கள் இரண்டு பேரும் நாளைக்கு எந்த நாட்டில் இருப்பமோ தெரியாது. அப்பா அம்மாவின் விலாசம் எங்கட ஞாபகத்தில் தொங்கக்கூடாது என்று நினைத்தோம். ஆகவே அவர்களுக்கு ஜிமெயில். எங்கட இரண்டு பேரின் போனிலும் அந்தப் பெட்டி திறந்து இருக்கிறது. கணக்குக் கனகாலம் பாவிக்காமல் கிடந்தால் யாருக்குச் சொல்லவேணும் என்று கூகுளில் பதிகிற வசதி இருக்கிறது. அதில் எங்கட பெயர்களைப் போட்டோம்.

உங்களில் கனபேருக்கு இன்ரநெற் கம்பனி தந்த ஈமெயில் இருக்காது. ஆனால் கம்பஸ் ஈமெயில் இருக்கும். படிக்கிற காலத்தில் மாணவர் சலுகைக்காக எத்தனை இடத்தில் அதைக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கோ. பட்டம் முடிந்தபிறகு அதை விட்டுவைக்கிறதா நிப்பாட்டுகிறதா என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. இறுதி வருசத்தில் இருக்கிறவர்கள் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, சலுகைக்காக எடுத்ததைத் தவிர மற்ற எல்லாத்தையும் சொந்த விலாசத்துக்கு மாற்றுங்கோ. ஆய்வுக் கட்டுரைகளையும் கூகுள் ட்ரைவில் இருக்கிறதையும் பிரதி எடுங்கோ.

வெளிநாடு போகிற சிநேகிதர்களுக்கு இன்னொன்று. சிம்மும் ஒரு விலாசம்தான். வங்கியின் ஓ.ரி.பி. அந்த இலக்கத்துக்குத்தான் வரும். எங்கட வட்டத்தில் லண்டன் போன ஒருத்தரின் சிம் யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. அங்கே இரவு, இங்கே விடியக்காலமை, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு இலக்கத்தை வட்ஸ்அப்பில் வாசிப்பா. ரீலோட் போடாமல் கனகாலம் விட்டால் இலக்கம் போய்விடும், பிறகு அது இன்னொருத்தருக்குக் கிடைக்கும், உங்கட வங்கி அவரோடு கதைக்கத் தொடங்கும். போகிறதுக்கு முதல் எந்தெந்தக் கணக்கு அந்த இலக்கத்தில் தொங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கோ. இரண்டாம் படிச் சரிபார்ப்பை எஸ்.எம்.எஸ்.இல் இருந்து செயலிக்கு மாற்றக்கூடிய இடத்தில் மாற்றுங்கோ.

எங்கட கொப்பி இப்போது அலுமாரிக்குள், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கிற பையில் இருக்கிறது. கடவுச்சொல் ஒன்றும் அதில் இல்லை. எந்தக் கணக்கு, எந்த விலாசம், எந்தத் திகதியில் மாற்றினது, அவ்வளவுதான். 43 இல் 39 முடிந்தது. மூன்றை மாற்ற ஏலவில்லை, மூடிவிட்டோம். ஒன்று இன்னும் பழைய விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம், 550 என்ற பதில் போய்க்கொண்டிருக்கும்.

பதிவுத்தபாலில் போன நாலில் ஒன்றுக்குக் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதையும் கொப்பியில் ஒட்டியிருக்கிறோம். லான்ட் லைனின் பில் மாசம் மாசம் வருகிறது. சாப்பாட்டறையில் சின்ன மேசையில் அந்தப் போன் இருக்கிறது. கிழமைக்கு ஒருக்கா அம்மா எடுத்து, ரோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்திட்டு வைப்பா.